யாரைக் கேட்டு எழுதினாய்?

ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதுவது, அதாவது அடுத்தவர் கதையின் பாத்திரங்களை வைத்து வாசகரே புதுக் கதை எழுதுவது, திருட்டுதான், அதற்கு வேறு பெயரே கிடையாது என்று நண்பர் ஒருவர் சொன்னதிலிருந்து எனக்கு மனம் ஒரு நிலைக்கு வரவில்லை. அவர் சிறுகதை எழுதுகிறவர். இரண்டு தொகுப்புகள் வந்திருக்கின்றன. அவருடைய கதை ஒன்றின் முடிவில் ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரவோடு இரவாகப் புருஷன் வீட்டை விட்டு வெளியேறுவாள். யாரோ ஒரு வாசகர் அந்தக் கதையைத் தொடர்ந்து எழுதி, அவளைத் திரும்ப அதே வீட்டில் கொண்டுவந்து சேர்த்து, புருஷனும் திருந்திவிட்டான் என்று முடித்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பி, அது சுற்றிச் சுற்றி இவர் கைக்கே வந்துவிட்டது. "அவளை அந்த வாசப்படி தாண்ட வைக்கறதுக்கு நான் எவ்வளவு நாள் உட்கார்ந்தேன் தெரியுமா? யாரைக் கேட்டு உள்ள இழுத்து விட்டாங்க?" என்று கேட்டார். தங்கசாலையில் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்குப் பக்கத்து டீக்கடையில் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். பேசும்போதே குரல் உடைந்துவிட்டது. மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். ஒரு காற்புள்ளியை எடுத்ததற்காக ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்து சண்டை போட்ட எழுத்தாளர்களை எனக்குத் தெரியும். அந்தச் சண்டையை நான் மதிக்கிறேன். ஆகவே அவருடைய வலி எனக்குப் புரியாமல் இல்லை.

ஆனாலும் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. அந்த நேரத்தில் என் கைப்பேசியில் தங்கை மகள் எழுதிய கதை ஒன்று பாதி படித்தபடி இருந்தது. அவள் தண்டையார்பேட்டையில் இருக்கிறாள், பி.காம். கடைசி வருஷம். வடசென்னையை வைத்து எடுத்த ஒரு படத்தில் வரும் ஒருத்தியைப் பற்றி அவள் எழுதிக்கொண்டிருந்தாள். படத்தில் அந்தப் பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை. வெட்டுப்பட்டுச் சாகிறவனின் மனைவி. பிணத்தின் மேல் விழுந்து அழுகிறாள், இன்னொரு காட்சியில் காவல் நிலைய வாசலில் தலைவிரி கோலமாக நிற்கிறாள், அதோடு சரி. அதற்கப்புறம் கதை ஆண்கள் பின்னால் ஓடிவிடுகிறது. இவள் அவளுக்கு அஞ்சலை என்று பெயர் வைத்து, கருமாதி முடிந்த மறுநாள் காலையில் இருந்து ஆரம்பித்திருந்தாள். வாடகை அட்வான்ஸில் எவ்வளவு கழிந்திருக்கிறது, செத்தவன் யார் யாரிடம் கை நீட்டி வாங்கியிருந்தான், அடகுக் கடைக்காரர் ரசீது இல்லாமல் கம்மலைத் தருவாரா, தண்ணி லாரி வரும் நேரத்தில் ஸ்டேஷனில் கூப்பிட்டால் குடத்தை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று போகிறது கதை. ஒரு கொலையை இரண்டரை மணி நேரம் பார்த்த எனக்கு, கொலைக்கு அடுத்த நாள் என்ன ஆகும் என்பதை யாரும் சொன்னதில்லை. இதைத் திருட்டு என்று எப்படிச் சொல்வது?

கொண்டித்தோப்பும் வட்டப்பாறையும்

நண்பரிடம் முதலில் எல்லோரும் சொல்கிற பதிலைத்தான் சொன்னேன். நம் ஊரில் இது எப்போது இல்லாமல் இருந்தது என்று கேட்டேன். நாங்கள் நின்றிருந்த இடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் கொண்டித்தோப்பு. பி. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் அங்கிருந்துதான் பெரிய எழுத்துப் புத்தகங்களை அச்சடித்து ஊர் ஊராக அனுப்பியது. என் பாட்டி எழுத்துக் கூட்டிப் படித்தது அந்த வகைப் புத்தகங்களைத்தான். அவற்றில் அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, புலந்திரன் களவு மாலை எல்லாம் அர்ச்சுனனை வைத்துக்கொண்டு வியாசர் எழுதாததை எழுதியவை. அல்லி என்ற பெயரில் மதுரையை ஆண்ட ஒருத்தி வியாச பாரதத்தில் கிடையாது. அவள் ஆண்வாடையே பிடிக்காதவளாம். அர்ச்சுனன் பாம்பாக மாறி உள்ளே போய், தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டுகிறானாம். இதைத் தெருவெல்லாம் பாடினார்கள், நாடகமாகப் போட்டார்கள். யாரும் வியாசருக்குத் துரோகம் என்று சொல்லவில்லை. இன்னும் வடக்கே போனால் திருவொற்றியூர். மதுரையை எரித்த கண்ணகி கோபம் தணியாமல் இங்கே வந்து வட்டப்பாறை அம்மன் ஆனாள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். கம்பர் இரவில் ராமாயணம் எழுதியபோது அந்த அம்மன்தான் பந்தம் பிடித்தாள் என்றும் சொல்வார்கள். இளங்கோ கண்ணகியைச் சேர நாட்டு மலைக்கு அனுப்பி வைத்தார். ஒற்றியூர்க்காரர்கள் அவளைத் தங்கள் ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். புதுமைப்பித்தன் 'சாப விமோசனம்' எழுதியபோது, ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காமல்கூடப் போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்று மேலேயே எழுதி வைத்துவிட்டுத்தான் அகலிகையை மறுபடியும் கல்லாக்கினார். சீதையைத் தீயில் இறங்கச் சொன்னார்கள் என்று கேட்டதும் அவள் கல்லாகிறாள். கம்பரையும் வால்மீகியையும் படித்துப் படித்து மனம் கொதித்த ஒரு வாசகர் எழுதிய கதை அது.

இதையெல்லாம் நண்பர் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் ஒரு வாக்கியத்தில் என்னை நிறுத்தினார். "வியாசருக்கு வலிக்காது. எனக்கு வலிக்குது." அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னது சரி. மரபு, மரபு என்று நாம் அடுக்குகிற உதாரணங்களில் எல்லாம் ஒரு விஷயம் பொதுவாக இருக்கிறது. மூலத்தை எழுதியவர் செத்துப் பல நூறு வருஷமாவது ஆகியிருக்கிறது, அல்லது யார் எழுதியது என்றே தெரியாது. உயிரோடு இருக்கிற, அடுத்த தெருவில் டீ குடிக்கிற, அடுத்த புத்தகத்துக்குப் பதிப்பாளர் கிடைப்பாரா என்று கவலைப்படுகிற ஒருவரின் கதையில் கை வைப்பதற்கு அல்லி அரசாணி மாலை சாட்சி சொல்ல வராது. கொண்டித்தோப்புப் புத்தகங்களின் மேல் எனக்கு இருக்கிற பிரியம் இந்த ஓட்டையை இத்தனை நாள் மறைத்துக்கொண்டிருந்தது.

ஒரு வழக்கு

சட்டத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், அங்கே அதிக நேரம் நிற்கத் தேவையில்லை. நம் காப்புரிமைச் சட்டம் 1957இல் வந்தது. எழுதியவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் அவர் எழுத்துக்குப் பாதுகாப்பு உண்டு. அதன் 57ஆம் பிரிவு, இது என் எழுத்து என்று சொல்லிக்கொள்ளும் உரிமையையும், தன் பெயருக்குக் களங்கம் வரும்படி யாராவது அதைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையையும் எழுதியவருக்குத் தருகிறது. நண்பர் இந்தப் பிரிவைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு இந்தச் சட்டத்தோடு சேர்த்து நினைவுக்கு வருவது ஒரு மலையாள நாடகம். தோப்பில் பாசி எழுதி 1952இல் மேடையேறிய 'நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி' கேரளத்தில் கட்சியை வளர்த்த நாடகம் என்று பேர் வாங்கியது. 1995இல் சிவிக் சந்திரன் அதற்கு ஓர் எதிர்நாடகம் எழுதினார். அதே பாத்திரங்கள், அங்கங்கே அதே வசனங்கள். கட்சிக்காக உழைத்து, அடிபட்டு, செத்துப்போன ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கட்சி என்ன செய்தது என்று அந்தப் பாத்திரங்களே கேட்கிற மாதிரி எழுதியிருந்தார். பாசியின் குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். 1996இல் கேரள உயர் நீதிமன்றம் எதிர்நாடகத்தை மேடையேற்ற விட்டது. எவ்வளவு எடுத்திருக்கிறார், எதற்காக எடுத்திருக்கிறார், இது அசல் நாடகத்தோடு போட்டி போட்டு அதன் ஆட்களை இழுத்துக்கொள்ளுமா என்று பார்த்தது. விமர்சிப்பதற்காக எடுத்தது, அதனால் பரவாயில்லை என்று முடிவுக்கு வந்தது.

அந்த வழக்கைப் பற்றிப் படித்தபோது எனக்கு அஞ்சலைதான் கண்ணில் தெரிந்தாள். ஓரமாக நிற்க வைக்கப்பட்டவர்களை நடுவில் கூட்டி வந்து பேசவிடுவதும் விமர்சனம்தான். அதைக் கட்டுரையாக எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள். கதையாக எழுதினால் மட்டும் ஏன் திருட்டு ஆகவேண்டும்? நீதிமன்றம் அந்த நாடகத்துக்குச் சொன்னது அஞ்சலைக்கும் பொருந்துமா என்பதை வக்கீல்கள் சொல்லட்டும். மனசாட்சிக்குப் பொருந்துகிறது என்று நான் சொல்வேன்.

எங்களிடமிருந்து எடுத்தது

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். வடசென்னையில் இருக்கிறவர்களுக்கு இது உடம்பில் ஏறிய விஷயம். எங்கள் தெருக்களை வைத்து எத்தனை படம் வந்துவிட்டது. காசிமேட்டில் வந்து எடுப்பார்கள், இல்லையென்றால் பின்னி மில் வளாகத்தில் எங்கள் தெரு மாதிரியே செட் போட்டு எடுப்பார்கள். கேரம் போர்டு, குத்துச்சண்டை, கானா, கத்தி, கஞ்சா. வேலைக்குப் போகிற இடத்தில் "ராயபுரமா? அங்கெல்லாம் சாயங்காலம் வெளிய வர முடியுமா?" என்று என்னைக் கேட்டவர்கள் யாரும் இந்தப் பக்கம் வந்தவர்கள் இல்லை, படம் பார்த்தவர்கள்தான். சில படங்களை நான் மிகவும் நேசிக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நன்றாக எடுத்தவர்கள் நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதைகளுக்கு வேண்டிய பேச்சு, சாவு, பகை, ஒப்பாரி எல்லாம் யாரிடமிருந்து எடுத்தது? எங்களைக் கேட்டு எழுதினார்களா? கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த ஒரு படத்திலிருந்து பெயரில்லாத ஒருத்தியை, அவள் எந்தத் தெருவைச் சேர்ந்தவளோ அந்தத் தெருப் பெண் ஒருத்தி திரும்ப எடுத்துக்கொண்டால், அங்கே கடன்பட்டவர் யார்?

ஆகவே எடுப்பது என்ற காரியம் ஒன்றுதான் என்றாலும் எல்லா இடத்திலும் அதன் கனம் ஒன்று இல்லை என்பது என் எண்ணம். முந்நூறு பிரதி போட்டு அதிலும் பாதி பரணில் கிடக்கிற ஒரு தொகுப்பின் கதையை எடுத்து முடிவை மாற்றிச் சுற்றுக்கு விட்டால், சிலருக்கு அந்தக் கதை மாற்றிய முடிவோடுதான் முதலில் போய்ச் சேரும். அசல் காணாமலே போய்விடும். நண்பருக்கு நடந்தது அதுதான். ஊரே பார்த்த படத்துக்கு அப்படி எதுவும் ஆகாது. என் தங்கை மகள் எத்தனை அத்தியாயம் எழுதினாலும் அந்தப் படத்தில் அஞ்சலை அப்படியே அழுதுகொண்டுதான் இருப்பாள். சட்டம் இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாம், நான் வைக்க மாட்டேன்.

நடுவில் ஒரு அத்தியாயம்

இவ்வளவையும் யோசித்து, ஏறக்குறைய அவள் பக்கம் முழுசாகச் சாய்ந்திருந்த நேரத்தில்தான் அந்த அத்தியாயத்தைப் படித்தேன். புருஷன் செத்த பிறகு அஞ்சலை அவனுடைய செருப்பு ஜோடியை எடுத்து வைக்காமல் வாசலிலேயே விடுகிறாள். ராத்திரி யாராவது வந்தால், வீட்டில் ஆம்பளை இருக்கிறான் என்று நினைக்கட்டும். மழை வந்தால் உள்ளே எடுப்பாள், நின்றதும் திரும்ப வைப்பாள். தூசி படிந்தால் செருப்பு நடமாடவில்லை என்று தெரிந்துவிடும் என்பதால் இரண்டு நாளைக்கு ஒருமுறை துடைத்து, கொஞ்சம் இடம் மாற்றி வைப்பாள். பையன் வளர்கிறான். பதினேழு வயதில் ஏதோ ஒரு சந்தேகக் கேஸில் அவனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். திரும்பி வந்த அன்று அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வேலை தேடிக் கிளம்புகிறான்.

படித்து முடித்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்தச் செருப்பை எனக்குத் தெரியும். எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்கா வீட்டு வாசலில் வருஷக்கணக்காகக் கிடந்த செருப்பு அது. (அவர் இட்லிக் கடை வைத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தொழிலையும் இன்னும் சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன். வெளியிடும் முன் இந்தப் பகுதியை அவருக்குப் படித்துக் காட்டினேன், போடச் சொன்னார்.) தங்கை மகள் சின்ன வயதில் லீவுக்கு என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த அக்கா மடியில்தான் கிடப்பாள். கேட்டது, பார்த்தது எல்லாம் மனதில் தங்கியிருக்கிறது, எழுதும்போது வந்துவிட்டது. அவளே அதை யோசிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

எனக்கு அந்த இடத்தில் எல்லாம் மாறிப்போனது. இயக்குநரைக் கேட்டாயா, எழுத்தாளரைக் கேட்டாயா, சட்டம் என்ன சொல்கிறது என்று நானும் நண்பரும் அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தோமே, கேட்கப்பட வேண்டிய ஆள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. படத்திலிருந்து அவள் எடுத்தது ஒரு பெயரில்லாத உருவத்தை. அதற்கு உயிர் கொடுத்தது எங்கள் தெரு அக்காவின் வாழ்க்கை. சினிமாக்காரர்கள் எங்களைக் கேட்காமல் எடுத்தார்கள் என்று கொதித்தேனே, இங்கே எங்கள் வீட்டுப் பெண்ணே கேட்காமல் எடுத்திருக்கிறாள். ஃபேன் ஃபிக்‌ஷன் பற்றிய விவாதங்களில் இந்தப் பக்கத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. பாத்திரம் யாருடையது என்று கேட்பார்கள். அதற்குள் ஊற்றிய ரத்தம் யாருடையது என்று கேட்பதில்லை.

அவளிடம் சொன்னேன். முதலில் முகம் சுருங்கிவிட்டது. "பெரியம்மா, யாருக்கும் தெரியாது. பேரு இல்ல, ஊரு இல்ல" என்றாள். எங்கள் தெருவில் கைப்பேசியில் படிக்கிற பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவளுக்கே தெரியும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானே போய்ப் படிச்சுக் காட்டறேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் முடிந்து அக்கா பாத்திரம் கழுவி முடித்த நேரமாகப் பார்த்துப் போனோம். ஒரு வரி விடாமல் படித்தாள். செருப்பு வரும் இடத்தில் அவளுக்குத் தொண்டை அடைத்தது. அக்கா என்ன சொல்லப் போகிறாரோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

அக்காவுக்குச் செருப்பைப் பற்றி ஒன்றுமே இல்லை. "அத்த எயுது கண்ணு, இன்னா இப்போ. ஊருக்கே தெரியும், தெரியணும்னுதான வெச்சேன்" என்றார். புருஷன் எப்படிச் செத்தான் என்பதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. "புள்ளைய மட்டும் வுட்டுடு. அவன ஸ்டேஷனுக்கு இஸ்துகினு போனது வேணாம். பொண்ணு பாத்துகினு இருக்கோம்" என்றார். அவ்வளவுதான். அந்தப் படத்தை அவர் பார்க்கவும் இல்லை, எந்தப் படம் என்று கேட்கவும் இல்லை.

எனக்கு இது இன்றுவரை வியப்பாக இருக்கிறது. படித்ததும் நான் பதறியது செருப்புக்காக. ஒரு பெண்ணின் பயத்தை, அவள் ராத்திரிகளை இப்படி வெளியே எடுத்து வைத்துவிட்டாளே என்று பதறினேன். அவருக்கோ அது பெருமை, தான் சமாளித்த விதம். நான் கவனிக்காமல் தாண்டிப் போன ஒரு வரி, பையனைத் தூக்கிக்கொண்டு போன வரி, அதில்தான் அவருடைய நாளைய தினம் மாட்டிக்கொண்டிருந்தது. எது வலிக்கும் என்பதை எழுதுகிறவர் தன் அறையில் உட்கார்ந்து எவ்வளவு நல்ல மனதோடு யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. நண்பரின் கதையைத் தொடர்ந்தவரும் கெட்டவர் இல்லை. அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும் என்றுதான் வீட்டில் சேர்த்திருப்பார். நண்பருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் வாசப்படியைப் பற்றித் தெரிந்திருக்கும்.

தங்கை மகள் அன்றே அந்தப் பகுதியை எடுத்துவிட்டாள். படித்தவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது அந்த இடம்தான், அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு பையன் கிளம்புவது. கதைக்கு அது நஷ்டம், சந்தேகமே இல்லை. இந்த நஷ்டத்தைத் தாங்க முடியாதவர்கள் உயிரோடு இருக்கிறவர்களின் வாழ்க்கையை எடுத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

கானாக்காரர் முன்னால் பாடுகிறார்

யோசித்துப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முறை ஏற்கெனவே இருக்கிறது. சாவு வீட்டில் கானா பாடுவார்கள். மெட்டு பெரும்பாலும் ஏதாவது சினிமாப் பாட்டின் மெட்டாக இருக்கும், அதை யாரும் கேட்டுக்கொண்டு எடுப்பதில்லை. ஆனால் செத்தவரைப் பற்றிப் பாடுவதற்கு முன்னால் கானாக்காரர் வீட்டு ஆட்களிடம் வந்து உட்கார்ந்து கேட்பார். பேர் என்ன, என்ன வேலை, பிள்ளைகள் எத்தனை, யாருக்குச் செல்லம். அப்புறம் பிணத்துக்குப் பக்கத்தில், பெண்டாட்டி பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, அவர்கள் முன்னால் பாடுவார். பேரனின் பெயரைத் தப்பாகச் சொன்னால் கூட்டத்திலிருந்து ஒரு குரல் திருத்தும், அடுத்த அடியில் சரியாகப் பாடுவார். செத்தவர் குடித்தார், அடித்தார் என்றால் அது எல்லோருக்கும் தெரியும், பாட்டில் எவ்வளவு வரலாம் என்பதும் பாடுகிறவருக்குத் தெரியும். மெட்டைத் தாராளமாக எடுத்துக்கொள், மனுஷனை எடுத்துக்கொள்ளும்போது அவன் வீட்டு ஆள் முகத்தைப் பார்த்துப் பாடு. இவ்வளவு தெளிவான ஒன்றை நான் காப்புரிமைச் சட்டத்தில் போய்த் தேடிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் தங்கை மகளோடு இன்னொரு விஷயத்தில் எனக்கு இன்னும் மனத்தாங்கல் இருக்கிறது. அந்தப் படத்தில் விதவையாக நடித்த நடிகையையும் கதாநாயகனாக நடித்தவரையும், அவர்கள் சொந்தப் பெயரிலேயே, ஜோடியாக்கி ஒரு சின்னக் கதை எழுதியிருந்தாள். உலகம் முழுக்க இப்படி எழுதுகிறார்கள், அவர்கள் பிரபலங்கள், இது பொய் என்று எல்லோருக்கும் தெரியும் என்பது அவள் வாதம். எனக்கு ஒப்பவில்லை. திரையில் அந்தப் பெண் செய்ததெல்லாம் நம் எல்லோருக்கும் பொது. படப்பிடிப்பு முடிந்து அவள் ஏறிப் போன ஆட்டோவில் யாரோடு ஏறினாள் என்பது அவளுடையது. அவளுக்கு அம்மா இருப்பார், புருஷன் இருக்கலாம், நாளைக்குப் பிள்ளைகள் வந்து பெயரைப் போட்டுத் தேடும். அவள் முன்னால் உட்கார்ந்து இதைப் படிக்க முடியுமா என்று கேட்டேன். கல்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்றதில் உத்தம சோழனுக்குப் பங்கு உண்டு என்று சந்தேகப்பட்ட வரலாற்று ஆசிரியர்கள் இருந்தார்கள், இல்லை என்று மறுத்தவர்களும் இருந்தார்கள். 'பொன்னியின் செல்வ'னில் சதி செய்கிற மதுராந்தகனை ஒருவனாகவும், பின்னால் உத்தம சோழனாகப் பட்டம் ஏறுகிறவனை வேறு ஒருவனாகவும் கல்கி பிரித்துவிட்டார். செத்து ஆயிரம் வருஷம் ஆன ஒரு ராஜாவின் பேரில் அந்தக் கதையில் கறை விழவில்லை. உயிரோடு இருக்கிற ஒரு நடிகைக்கு அதில் பாதி கவனமாவது வேண்டாமா? அவள் அந்தக் கதையை எடுத்துவிட்டாள். முழு மனதோடு எடுத்தாள் என்று சொல்ல மாட்டேன்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்று இந்த வகை எழுத்துக்கென்றே ஒரு பெரிய தளம் இருக்கிறது. லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்துவது, விளம்பரம் கிடையாது, அங்கே வைத்து எதையும் விற்கவும் முடியாது. 2019இல் அதற்கு ஹியூகோ விருதுகூடக் கொடுத்தார்கள். இப்படி ஓர் உலகம் காசு கைமாறாமல் இத்தனை காலம் நடப்பதே அதன் மேல் எனக்கு மரியாதை வரக் காரணம். அஞ்சலையைப் பணம் கட்டிப் படிக்கும் தொடராக மாற்றிக்கொள்ளலாம் என்று தங்கை மகளுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. வேண்டாம் என்று நான் சொன்னேன், அவளும் அதைத்தான் நினைத்திருந்தாள். கதையின் மேலேயே படத்தின் பெயரையும், பாத்திரம் தன்னுடையது இல்லை என்பதையும் போட்டிருக்கிறாள். இயக்குநர் ஒருவேளை படித்துவிட்டு எடுக்கச் சொன்னால்? பேசிப் பார், ஆனால் எடுக்காதே என்றுதான் சொல்வேன். அவர் எங்களுக்குக் கடன்பட்டவர். என் நண்பர் மாதிரி ஒருவர் சொன்னால், எடுத்துவிடு என்பேன். இந்த இரண்டு பதிலும் ஒத்துப்போகவில்லை என்று நண்பர் சொல்கிறார். அவரைப் பொறுத்தவரை ஒருவருக்கு ஒரு நியாயம், இன்னொருவருக்கு இன்னொரு நியாயம். யாரிடமிருந்து எடுக்கிறோம் என்பதைப் பார்க்காத நியாயம் எனக்கு நியாயமாகப் படவில்லை. இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இட்லிக் கடை அக்கா இப்போது ஒவ்வொரு அத்தியாயமும் கேட்கிறார். போன வாரம் அஞ்சலை ஏலச்சீட்டு எடுக்கும் இடத்தில் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டில், இரண்டாம் மாதத்திலேயே அஞ்சலை முழு லட்சத்தையும் வாங்கி வந்து கடனை அடைப்பதாக இவள் எழுதியிருந்தாள். "ரெண்டாம் மாசமே முழுத் துட்டையும் எந்த மவராசி எடுத்துக் குடுப்பா? இருவத்தஞ்சு முப்பது தள்ளாம சீட்டு எடுக்க முடியுமா? அவ கைக்கு எய்பது வந்தா பெரிசு" என்றார். எழுபதாயிரத்தில் அடகுக் கடையிலிருந்து கம்மலை மீட்டால் வாடகை பாக்கி நிற்கும், வாடகையைக் கொடுத்தால் கம்மல் போய்விடும். கதை வேறு பக்கம் திரும்பியாக வேண்டும். தங்கை மகள் அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறாள்.